பேர் மாத்தற ஃபாரம்

எங்கள் வங்கிக் கிளையில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நாமினி ஐயா. சொந்தப் பெயர் என் கணினித் திரையில் எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறது. அதை இங்கே எழுதப்போவதில்லை. செத்துப்போனவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரைச் சேர்ந்தவர்கள் இன்னும் ஓசூரைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி மாதம் ஒருமுறை என் கவுண்ட்டருக்கே வருகிறாள்.

பத்தரை மணிக்கு மேல்தான் வருவார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் லேத் மெஷினில் நின்றவர். சலவை செய்த வெள்ளைச் சட்டை, கக்கத்தில் துணிக்கடைப் பிளாஸ்டிக் பை. அவசரப்பட மாட்டார், வரிசையில் யாரையும் முந்த மாட்டார். முறை வந்ததும் பலகையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, "ஏம்மா, அந்தப் பேர் மாத்தற ஃபாரம் ஒண்ணு குடு" என்பார். வட்டி ஏறியதா, இறங்கியதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நாமினி என்பது, பணம் போட்டவர் இறந்துவிட்டால் வங்கி யார் கையில் அதைக் கொடுக்கலாம் என்று எழுதி வைக்கும் பெயர். பாதிப் பேர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். "நல்ல நாள் அதுவுமா சாவப் பத்தி ஏம்மா கேக்கற" என்று என்னைத் திட்டியவர்களும் உண்டு. மீதிப் பேர் ஒரு தடவை எழுதிவிட்டு மறந்துபோவார்கள். இந்த மனிதர் ஒருவர்தான் தன் சாவை வருடத்துக்கு நாலைந்து தடவை சந்தோஷமாகத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்.

"பேனா என் கையில இருக்கற வரைக்கும் சோறு சூடா வரும்மா." இதுதான் அவர் அடிக்கடி சொன்னது. முதல் தடவை கேட்டபோது நானும் சிரித்தேன்.

படிவத்தை வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது கொடுப்போம். அதில் புதிய நாமினியின் பெயர் இருக்கும். மற்றவர்கள் அதை எங்கே வைத்தோம் என்றே மறந்துவிடுவார்கள். இவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டிவிடுவாராம். "ஊட்டுக்கு வர்றவங்க மொதல்ல எம் மூஞ்சியப் பாக்கறதில்லம்மா. ஃபிரிட்ஜத்தான் பாக்கறாங்க" என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குப் படிவத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். ஊத்தங்கரையில் கட்டிக்கொடுத்த மகள் ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து இரண்டு வாரம் தங்கினாள். அவள் பெயர் ஏறியது. அவள் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் இவர் பெயரைச் சம்பந்திக்குக் கீழே அச்சடித்திருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமையே அவள் பெயர் இறங்கிவிட்டது. பெங்களூரில் இருக்கும் பெரிய மகன் காரில் வந்து, கறி எடுத்துக் கொடுத்து, கால் அமுக்கிவிட்டு, புதுச் சட்டையும் போட்டுவிட்டுப் போனான். அந்தப் புதுச் சட்டையோடு வந்துதான் மகன் பெயரை எழுதினார். புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு அவன் போனில் சொன்னானே தவிர நேரில் வந்து அழைக்கவில்லை. அவன் பெயரும் போனது. கிளையில் நாங்கள் பந்தயம்கூடக் கட்டினோம், இந்த மாதம் யார் என்று. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இந்தப் படிவத்தில் எழுதப்பட்டும் அடிக்கப்பட்டும் வந்த இன்னொரு பெயர் மஞ்சுளா. இறந்துபோன இளைய மகனின் மனைவி. அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள் அவள்தான். களி கிண்டிப்போட்டதும், துணி துவைத்ததும், சர்க்கரை மாத்திரையை எண்ணி வைத்ததும் அவள்.

அந்தப் பணத்தின் கதையைச் சொல்லாமல் இதற்குமேல் எழுத முடியாது. அது அவர் சம்பாதித்த பணம் இல்லை. இளைய மகன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கிளையில் கணக்கு ஆரம்பித்து, நாமினியாக அப்பா பெயரைக் கொடுத்திருந்தான். ஓவர்டைம் காசையெல்லாம் அதில்தான் போட்டு வந்தான். பேரிகை ரோட்டில் ஒரு மனை வாங்க வேண்டுமென்று ஆசை. நடுவில் கூட வேலை பார்த்த மஞ்சுளாவைக் கல்யாணம் செய்துகொண்டான். தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண், வேற சனம். இந்த ஊர்த் தொழிலாளிகளுக்கு ஒரு நினைப்பு உண்டு: தாலி கட்டிவிட்டால் கம்பெனியிலும் வங்கியிலும் பெண்டாட்டி பெயர் தானாக வந்துவிடும் என்று. கம்பெனியில் கேட்டு எழுதிவிட்டார்கள். வங்கியில் யாரும் கேட்கவில்லை. நானும் அவனைக் கேட்கவில்லை. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது, ஷிப்ட் முடிந்து வரும் வழியில், நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துபோனான்.

சாவுச் சான்றிதழோடு அப்பா தனியாக வந்தார். கண் சிவந்து, தாடி வளர்ந்து நின்றார். நான் எழுந்து போய் நாற்காலி போட்டேன். விதி எனக்குத் தெரியும். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அவர் வாங்கி வைத்திருப்பவர்தான். பணம் வாரிசுகளுக்குச் சொந்தம். அவன் அம்மா முன்பே இறந்துவிட்டதால் சட்டப்படி அந்த வாரிசுகள் மஞ்சுளாவும் குழந்தையும் மட்டும்தான். "ஐயா, உங்க கையில குடுக்கறோம். ஆனா இது மருமகளுக்கும் கொழந்தைக்கும் சேர வேண்டியது" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எம் பேருதானம்மா போட்டிருக்குது?" என்றார். ஆமாம் என்றேன். மகனைப் பறிகொடுத்த மனிதரிடம் அதற்குமேல் என்ன வாதாடுவது என்று விட்டுவிட்டேன். பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு முடிந்தது. என் பொறுப்பும் முடிந்தது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அதை அன்றைக்கே தன் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டார். படிவத்தில் நாமினி கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இங்க யாரு பேரும்மா?" என்றார்.

"உங்களுக்கு அப்புறம் யாருக்குப் போகணுமோ அவங்க பேருங்கய்யா."

"எழுதிட்டா அவ்ளோதானா?"

"இல்லைங்கய்யா, மாத்திக்கலாம்."

"எத்தன தடவ?"

"எத்தன தடவ வேணும்னாலும்."

"அவங்கள ஒரு வார்த்த கேக்கணுமா?"

"கேக்க வேண்டியதில்லைங்கய்யா. அவங்களுக்குத் தெரியணும்னுகூட இல்ல."

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. முப்பது வருடம் சூப்பர்வைசர் முன்னால் லீவுச் சீட்டோடு நின்ற மனிதர். யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று அன்றைக்குத்தான் அவர் கைக்கு வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அப்படிச் சொல்ல வரவில்லை. எங்கள் கிளையில் படிவம் நிரப்பத் தெரியாமல் முழிப்பவர்களுக்கு அவர்தான் எழுதிக்கொடுப்பார். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிகளிடம் அரைகுறை இந்தியில் பேசுவார், பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்துக்காரர்களிடம் தெலுங்கில், அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவர்களிடம் கன்னடத்தில். ஒவ்வொருவரிடமும் தவறாமல் கேட்பார்: "கல்யாணம் ஆச்சா? ஆச்சுன்னா மொதல்ல பொண்டாட்டி பேர மாத்து. எம் மவன் மாத்தாம பூட்டான். அந்தப் பொண்ணு இன்னைக்கு நடுத்தெருவுல நிக்குது." சொல்லும்போது குரல் உடையும். கண்ணில் தண்ணீர் வரும். நடிப்பு இல்லை, நடிப்பாக இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தியிருப்பவர் யார் என்று ஒருநாளாவது அவருக்குத் தோன்றியதா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தோன்றவில்லை என்றே நினைக்கிறேன்.

கண் அறுவை சிகிச்சை முடிந்த வாரம் மஞ்சுளா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து, "இந்தப் பொண்ணு பேர எழுதும்மா. இவ இல்லன்னா நான் இல்ல" என்றார். கையெழுத்து கோணலாக விழுந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே போகும்போது, படி இறங்கும் இடத்தில், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். எனக்கும் மனம் நிறைந்துபோயிற்று. அன்று மதியம் கூட வேலை செய்கிறவர்களுக்கு என் செலவில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்துத் தனியாக வந்தார். கண் நன்றாகத் தெரிந்தது; சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை நின்று படித்துவிட்டு வந்தார். "ஏம்மா, அந்தப் பேர் மாத்தற ஃபாரம்."

"ஏங்கய்யா, மஞ்சுளா பேரு இருக்குதே?"

"அவ கொழந்தகிட்ட தெலுங்குலயே பேசறாம்மா. எம் பேத்திக்குத் தமிழே வராது போலக்கீது."

ஐந்து நிமிடம் முன்புதான் வாசலில் பூக்காரியோடு தெலுங்கில் பேரம் பேசிவிட்டு வந்திருந்தார். நான் படிவத்தைக் கொடுத்தேன். அவர் கேட்டால் நான் கொடுக்கத்தான் வேண்டும்.

மஞ்சுளாவைத் தனியே கூப்பிட்டு, அந்தப் பணமே உன்னுடையது, இவர் எழுதுவதும் அடிப்பதும் பிறகு, முதலில் ஒரு வக்கீலைப் பார் என்று சொல்லியிருக்கலாம். சம்பளக் கணக்குப் புத்தகம் பதிய அவள் மாதாமாதம் என் முன்னால்தான் வந்து நின்றாள். வாடிக்கையாளர் ரகசியத்தைக் காக்க வேண்டியது என் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. ஆனால் ரகசியத்தைவிட என் நிம்மதியைத்தான் அதிகம் காத்தேன்.

பிறகு அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது ஒரு தடவை அவள் பெயர் வந்தது. நடக்க ஆரம்பித்ததும் போனது. டெங்குவில் படுத்தபோது வந்தது. பெரிய மகன் காரில் வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனதும் அதை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதினார்.

அதன் பிறகு வாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. மஞ்சுளா அரைநாள் லீவு போட்டு, ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டோக்காரரும் அவளும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். வாய் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கிப் பலகையைத் தட்டினார். "ஃபா... ரம்" என்றார். யார் பெயர் என்று கேட்டேன். மஞ்சுளா பக்கம் தலையைச் சாய்த்தார். பிறகு அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தெளிவாகத்தான் சொன்னார். எனக்குப் புரிந்தது.

கையெழுத்துப் போட முடியாது. கைநாட்டு வைத்தால் இரண்டு பேர் சாட்சி போட வேண்டும். பணம் பெறப்போகிறவள் என்பதால் மஞ்சுளாவைச் சாட்சியாக ஏற்க முடியாது. வரிசையில் நின்ற ரோஜாத் தோட்டத்துக்காரர் ஒருவர், "நம்ம ஐயாதானே, எனக்கு எத்தன தடவ எழுதிக் குடுத்திருக்கறாரு" என்று முன்னால் வந்து போட்டார். இரண்டாவது ஆளுக்குச் சுற்றிலும் பார்த்தோம். ஆட்டோக்காரர், "கோர்ட்டு கேசுன்னு இழுத்தா எம் பொழப்பு என்னாவறதுங்க மேடம்" என்று வாசலுக்குப் போய்விட்டார். மற்றவர்கள் எல்லோருக்கும் திடீரென்று போனில் வேலை வந்துவிட்டது. நடக்க முடியாத கிழவரின் பணக் காகிதத்தில் கையெழுத்துப் போட யாருக்குத்தான் மனம் வரும்.

நான் போட்டிருக்கலாம். எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் ஊழியர்கள் வாடிக்கையாளருக்குச் சாட்சி நிற்பதில்லை என்பது எங்கள் கிளையின் பழக்கம். வேறொரு கிளையில் அப்படிப் போட்ட ஒருவர் விசாரணையில் மாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம். இதெல்லாம் காரணமா என்று கேட்டால், அன்றைக்குக் காரணமாகத்தான் இருந்தது. "இன்னொரு ஆளக் கூட்டிக்கிட்டு நாளைக்கு வாங்கம்மா" என்றேன். "நாளைக்கு லீவு குடுக்க மாட்டாங்க மேடம். வர்ற வாரம் பாக்கறேன்" என்றாள் மஞ்சுளா. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாரம் கேட்டு அவர் வெறுங்கையோடு திரும்பியது அந்த ஒரு தடவைதான்.

ஐந்தாம் நாள் இறந்துபோனார். திரையில் நாமினியாகப் பெரிய மகன் பெயர் இருந்தது. அவன் வந்தான், தேவையான காகிதங்களை எல்லாம் ஒழுங்காகக் கொண்டுவந்தான். மரியாதையாகப் பேசினான். நானே கணக்கை முடித்துக் கொடுத்தேன். "தம்பி பணம்தானே இது, அவன் குழந்தைக்கு ஏதாவது" என்று ஆரம்பித்தேன். "அப்பா என்ன நெனச்சாரோ அதத்தானே எழுதியிருக்காரு மேடம்" என்றான். அவனுக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து மஞ்சுளா வந்தாள். அந்தத் துணிக்கடைப் பையைக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே இத்தனை வருடத்து ரசீதுகளும் இருந்தன. மதியம், கூட்டம் இல்லாத நேரம். தன் பெயர் இருந்த மூன்றையும் தனியே எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"தேதியப் பாருங்கக்கா" என்றாள். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "இது கண்ணு ஆப்பரேசன். இது இடுப்பு ஒடஞ்சப்போ. இது டெங்கு. ஒடம்பு நல்லா இருக்கறப்போ ஒண்ணுகூட இல்ல. நான் என்னமோ, நல்லாப் பாத்துக்கறோம், மாமாவுக்கு நம்ம மேல பாசம் வந்துடுச்சுன்னு ஃபிரிட்ஜப் பாத்துப் பாத்துச் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

கடைசியாக வந்தபோதும் அவர் படுக்கையில் விழுந்தவர்தான். பிழைத்து எழுந்திருந்தால் மறுபடியும் வந்து அடித்திருப்பார். ஆகவே நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு கணம் மனம் துள்ளியது. அவர் பிழைக்கவில்லையே. நான் போட்டிருந்தால் அந்தப் பெயர் நின்றிருக்கும்.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அது முதலிலிருந்தே அவள் புருஷன் பணம் என்பது, நாமினி சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்பது, கிருஷ்ணகிரிக் கோர்ட்டில் இலவச சட்ட உதவி இருக்கிறது என்பது. முழுவதையும் கேட்டாள். "இத அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம்.

கோர்ட்டுக்குப் போனாள். வக்கீல், வழக்கு இருக்கிறது, வருடங்கள் ஆகும் என்றார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் சம்பளம் போகிறது. நடந்துகொண்டிருக்கிறது. இப்போது சட்டம் மாறி, ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி எழுதலாம் என்றாகிவிட்டது. அறிவிப்பைச் சுவரில் ஒட்டும்போது, நாமினி ஐயா இருந்திருந்தால் நாலு பேரையும் ஒரே நேரத்தில் ஆட்டிவைத்திருப்பாரே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் மஞ்சுளா தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டுகிற மாதிரி ஒரு சேமிப்பு ஆரம்பித்தாள். நாமினி கட்டத்தில் மகள் பெயரைச் சொன்னாள். குழந்தை மைனர் என்பதால் பணத்தை வாங்கிக்கொள்ள மஞ்சுளாவின் அம்மா பெயரையும் சேர்த்து எழுதினேன். கையெழுத்துப் போடப்போனவள் நிறுத்தினாள்.

"அக்கா, நானும் ஒருநாள் கெழவியாவேன். படுத்துக்குவேன். எனக்கும் பயம் வரும் இல்ல? இத மாத்தவே முடியாத மாதிரி போட்டுத் தர முடியுமா? நானே வந்து கேட்டாலும்?"

அப்படி ஒரு ஃபாரம் எங்களிடம் இல்லை என்றேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி என் பக்கம் தள்ளினாள்.

"அப்ப நான் வந்து கேட்டா, ஃபாரம் இல்லன்னு சொல்லிடுங்க."